‘ங்க’வுக்குப் பட்டா கிடையாது

கோவை கணபதியில் நம் ஸ்டுடியோவைத் திறந்த புதிதில், பாட்டு வைத்திருப்பவர்கள்தான் பாட்டுப் பதிய வருவார்கள் என்று நினைத்திருந்தேன். பத்தாவது பெயிலானவனுக்கு அந்த அளவு நம்பிக்கை இருக்கத்தான் செய்யும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்தவர் பாட்டைக் கொண்டுவந்தார்கள். கேசட்டையோ, பிற்பாடு போனையோ நீட்டி, எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “இதே மாதிரி வேணுங்க, ஆனா இதா இருக்கக் கூடாதுங்க.”

கவிதா, பிரபு, உங்களோடு இப்போது அந்த அறையில் உட்கார்ந்து வேலை பழகும் நாலைந்து பேர், உங்கள் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். மைக்கை எங்கே வைப்பது, இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது, எதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு முழிக்கக் கூடாது என்பது. அதுவும் கொடுத்துவிட்டு முழித்ததால் தெரிந்தது.

அந்த ‘இதே மாதிரி’யை வைத்துத்தான் உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. கிரைண்டர் கடை, வேட்டிக் கடை, மோட்டார் பம்பு, சீட்டுக் கம்பெனி, எல்லாமே ஏதோ ஒரு பாட்டின் சாயல். அப்போது என்னோடு கீபோர்டு வாசித்த மாஸ்டர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். மூன்று ஸ்வரத்தை மாற்றிவிட்டால் பாட்டு நம்முடையது. எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். “எல்லாரும் அப்பிடித்தானுங்க பண்றாங்க” என்றார். அதைச் சட்டம் என்றே பதினைந்து வருஷம் நம்பினேன்.

ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அந்தச் சூத்திரப்படி ஒரு பக்திப் பாட்டின் சாயலில் விளம்பரம் செய்து கொடுத்தேன். சரியாக மூன்று ஸ்வரம் மாற்றியிருந்தேன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, தெருத் தெருவாகப் போனார்கள். இரண்டாவது தெருவிலேயே அம்மாக்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்களாம். ஒருவர் ஆட்டோவுக்குத் தேங்காய் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாராம். டாக்டர் எனக்குப் போன் போட்டு, பல் பிடுங்க ஆள் வருமென்று பார்த்தால் தீபாராதனைக்கு வருகிறார்களே என்று கேட்டார். மூன்று ஸ்வரச் சட்டம் என்று ஒன்று எங்கேயும் இல்லை. மூன்றை மாற்றினாலும் முப்பதை மாற்றினாலும், கேட்கிற காதுக்கு அது அதே பாட்டுத்தான் என்றால் வம்புதான். இது முதலில் ஞாபகம் இருக்கட்டும். இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

ஜமீலாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டைமேட்டுப் பெண். மேட்டுப்பாளையத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். “வலிக்காதுங்க, ஒரே நிமிசங்க” என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றுகிற குரல். அதே குரலில்தான் பாடவும் செய்வாள். குத்தினது பிறகுதான் தெரியும். பாட்டை அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, லேபில் வாங்குகிற சம்பளத்தில் நம்மிடம் பதிந்து, இணையத்தில் தன் பக்கத்தில் போடுவாள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. நாலு வருஷத்தில் பதினொரு பாட்டு. அவள் சொத்து என்று எதையாவது காட்டச் சொன்னால், அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவாள்.

பதினோராவது பாட்டு ஒரு பஸ்ஸைப் பற்றியது. ஒரு நாள் காலையில் டிரைவர் அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போயிருக்கிறார். அடுத்த பஸ் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

ஏனுங்க பஸ்ஸுங்க, எங்கீங்க போறீங்க?
கை காட்டி நிக்கறனே, கண்ணு தெரியலீங்களா?
ஆறு டயரும் பஞ்சராயி நடுரோட்டுல நில்லுங்க,
நல்லா இருங்க, நல்லா இருங்க, நாளைக்கும் வாரனுங்க.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திட்டும்போது நமக்கு மரியாதை குறையாது. மரியாதை கூடினால் திட்டும் கூடிவிட்டது என்று பொருள்.

இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வேண்டாம், கண்டக்டர் விசில்தான் தாளம் என்று சொல்லிவிட்டாள். விசில் ஊதியது நான். சாதாரணமாக ஊதினால் பள்ளிக்கூடத்து பி.டி. பீரியடு மாதிரி இருந்தது. வீட்டில் காலியாகக் கிடந்த அரிசி டிரம்மைக் கொண்டுவந்து, உள்ளே மைக்கை இறக்கி, தலையையும் உள்ளே விட்டு ஊதினேன். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு வளைவில் பஸ் திரும்பும்போது கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாட்டின் தொடக்கத்தில் ஒன்பது விநாடி அந்த விசில்தான். அதில் ஒரு சின்னக் கோளாறு. மூன்றாவது விசிலின்போது பக்கத்து லேத் பட்டறை மணியண்ணன் தன் ஆட்களைப் பார்த்து, “டீ வந்துருச்சுங்க” என்று குரல் கொடுத்தார். அது டிரம்முக்குள் இறங்கிப் பதிவாகிவிட்டது. திரும்ப ஊதினேன், அந்த எதிரொலி வரவில்லை. பஸ் இன்ஜின் சத்தத்தை அதன்மேல் போட்டு மூடிவிட்டோம். ஜமீலாவுக்குக்கூட அந்தக் குரல் கேட்கவில்லை.

பாட்டு ஓடியது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் நிற்காத பஸ்ஸைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சில மாதம் கழித்து ஜமீலாவுக்கு ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து போன் வந்தது. செல்போனில் பட்டனைத் தொட்டால் கார் வருமே, அந்த மாதிரி ஒரு பெரிய கம்பெனிக்கு விளம்பரம். அவள் பாட்டைக் கொஞ்சம் வார்த்தை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பஸ்ஸைத் திட்டத்தான் எழுதினேன், காரை விற்க இல்லைங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் பரவாயில்லை என்று வைத்துவிட்டார்கள். மறுத்தவள் அதோடு அதை மறந்துவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவர் முடிந்து விளம்பரம். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள், ஜமீலா பாட்டு டிவியில வருதுங்க என்று. ஜமீலா பாட்டு இல்லை. “பஸ்ஸு போனா போச்சுங்க, பட்டனத் தொடுங்க, வண்டி வருதுங்க” என்று வேறு ஒரு பெண் பாடினாள். அதே கரகரப்பு, அதே இழுவை, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’. மெட்டு மட்டும் கவனமாக வேறு. ஜமீலா இறங்குகிற இடத்தில் அவர்கள் ஏறியிருந்தார்கள். மூன்று ஸ்வர மாஸ்டர் இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

ஆனால் பாட்டுக்கு முன்னால் ஒரு விசில் வந்தது. அரிசி டிரம்முக்குள் ஊதிய அதே எதிரொலி. மறுபடி விளம்பரம் வரும்வரை காத்திருந்து, டிவியின் வால்யூமை ஏற்றிவைத்துக் கேட்டேன். மூன்றாவது விசிலுக்குள், தெளிவாக, “டீ வந்துருச்சுங்க.” அவர்கள் இன்ஜின் சத்தம் போடவில்லை, இரைச்சலை எல்லாம் நன்றாகத் துடைத்திருந்தார்கள். நான் முயன்றும் கொண்டுவர முடியாத துல்லியத்தில் மணியண்ணன் இந்தியா முழுக்க டீக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த விசில் அங்கே எப்படிப் போனது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஜமீலா மறுத்த அடுத்த வாரம், அதே நிறுவனத்திலிருந்து ஒருவர் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தார். தன்னையும் ஒரு ஒலிப்பதிவுக்காரன் என்று சொல்லிக்கொண்டார். “சார், அந்த விசில் சவுண்ட எப்படி சார் பிடிச்சீங்க? நாங்க இங்க எவ்வளவோ பாத்தும் வரல சார்” என்றார். முப்பது வருஷத் தொழிலில் என்னை ஒரே மூச்சில் மூன்று முறை சார் என்று கூப்பிட்டவர் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் விளக்கினேன். அரிசி டிரம்மின் உயரத்தைக்கூட அளந்து சொன்னேன். அதோடு விட்டிருந்தால் வெறும் வாய்க்கொழுப்பு. இன்ஜின் சத்தம் இல்லாத தனி விசிலை எடுத்து, “கேட்டுப் பாருங்க சார்” என்று எழுதி, போனில் அனுப்பியும் வைத்தேன். அவர் கேட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜமீலாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. விளம்பரம் வந்த அன்று ராத்திரி அவளே கூப்பிட்டுச் சிரித்தாள். “ஏனுங்ணா, நம்ம பாசைக்கு டிவிக்காரங்களே வந்துட்டாங்க, பாத்தீங்களா” என்றாள். கடுப்பு இருந்தது, ஆனால் சிரிப்பும் இருந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் பாட்டை இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அவள் பாட்டை! அவள் பாட்டுப் போடுகிற தளத்தில் கம்பெனி தன் விளம்பர இசையைத் தன்னுடையது என்று பதிந்து வைத்திருந்தது. தளத்தில் ஒரு மெஷின் எல்லாப் பாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஜமீலாவின் பாட்டில் முதல் ஒன்பது விநாடி கம்பெனியுடையது என்று அது கண்டுபிடித்துவிட்டது. யார் முன்னால் செய்தது என்று அதற்குக் கவலை இல்லை. யார் பதிந்து வைத்தது என்பதுதான் கணக்கு. ஏழு நாளுக்குள் தீராவிட்டால் அவள் பக்கமே மூடப்படும் என்று எழுதியிருந்தது. பதினொரு பாட்டும் போய்விடும்.

அவளைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். காப்புரிமை வழக்குகள் பார்ப்பவர். இரண்டு பாட்டையும் மாறி மாறிக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். மெட்டு வேறு. வார்த்தை வேறு. குரல் சாயல் இருக்கிறது. ஆனால் அந்த மாதிரித் தொண்டை இன்னொருவருக்கு இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லாது. பஸ் போய்விட்டது என்கிற யோசனை எல்லாருக்கும் பொது. பாடுகிற பாணியை எவர் பேருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

“அப்ப அந்த ‘ங்க’ங்க மேடம்?” என்று கேட்டாள் ஜமீலா.

“‘ங்க’வுக்குப் பட்டா கிடையாதும்மா. உனக்குக் குடுத்தாங்கன்னு வெய்யி, பொள்ளாச்சி, திருப்பூரு, ஈரோடு மூணும் சேந்து உம்மேல கேஸ் போட்டுரும்.”

ஜமீலா சிரிக்கவில்லை. வக்கீலம்மா அந்தப் புகாரைத் திரும்பப் படித்தார். மாதிரி செய்த பாட்டாக இருந்தால் மெஷின் இவ்வளவு கறாராக விநாடி எண்ணிச் சொல்லாதே என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாட்ட மாதிரி பண்ணா நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பதிவையே எடுத்திருந்தா அது வேற கதை. உங்க பதிவுல இருந்து எதாச்சும் அவங்க கைக்குப் போயிருக்குதுங்களா?”

“இல்லீங்க மேடம். வாய்ப்பே இல்லீங்க” என்றேன்.

ஒரு பெரிய தப்பைச் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. அதைவிடப் பெரிய தப்பைச் செய்ய இரண்டு வாக்கியம் போதுமாயிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் பதில் சாதாரணமானது. வக்கீல் முன்னால், ஜமீலா முன்னால், முட்டாளாகத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஜமீலா ஒரு தாளோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். கம்பெனி அனுப்பியிருந்தது. மிகவும் மரியாதையான தாள். விளம்பர இசை முழுக்க அவர்கள் சொந்தமாகச் செய்தது, அதில் உள்ள எந்தச் சத்தத்திலும் தனக்கு உரிமை இல்லை, இனி எப்போதும் கேட்க மாட்டேன், இதைப் பற்றி எங்கேயும் பேச மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அன்றைக்கே புகாரை எடுத்துவிடுவார்கள். அவள் பாட்டு திரும்ப வரும்.

“போட்டுர்லாம்னு இருக்கறனுங்ணா. பதினொரு பாட்டும் போறதுக்கு இது பரவால்லைங்க. சாட்சிக்கு ஒருத்தர் வேணுமாம். நீங்கதான் அத பதிஞ்சவரு. நீங்களே போட்டுருங்க.”

பேனாவையும் கொடுத்தாள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே, அவள் பதிவிலிருந்து எந்தச் சத்தமும் எடுக்கப்படவில்லை என்று அச்சில் இருந்தது. பேனா மூடியைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன். அப்படி மூன்று நாலு தடவை செய்திருப்பேன் போல. “என்னாச்சுங்ணா, எழுதலீங்களா பேனா?” என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். சார் என்று கூப்பிட்டதில் தொடங்கி, டிரம்மின் உயரம் வரைக்கும், அனுப்பிய விசில் வரைக்கும், டீ வரைக்கும். வக்கீலிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்தாள். விளம்பரத்தைப் போனில் போட்டு, காதோடு வைத்துக் கேட்டாள். மூன்றாவது விசிலில் நிறுத்தினாள். திரும்பக் கேட்டாள்.

“வேண்டாம்னு அவங்ககிட்ட சொன்னவ நானுங்க. இந்தாங்கன்னு குடுத்தவரு நீங்களுங்க.”

“ஆமா அம்மணி.”

“அஞ்சு நாளா நான் தூங்கலீங்க. அது தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“நல்லா இருங்க.”

தாளை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். இப்படியே போய்விடுவாள், எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று பயந்தேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்து, “வண்டிய எடுங்க. வக்கீலூட்டுக்குப் போலாம். இப்பச் சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வந்து நின்ற இரண்டு பேரைப் பார்த்து வக்கீலம்மா சந்தோஷப்படவில்லை. நான் சொன்னதைக் கேட்டபோது இன்னும் கடுப்பானார். விளம்பரத்தில் மூன்றாவது விசில் வந்தபோதுதான் முகம் மாறியது. அவருடைய கணவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவரும், “ஆமாங்க, டீ வந்துருச்சுன்னு சொல்றாங்க” என்றார்.

நான்தான் அனுப்பினேனே, அது அவர்களுக்குக் கொடுத்ததாக ஆகிவிடாதா என்று கேட்டேன்.

“ஊதுனது நீங்க. மைக் உங்களுது. டிரம்மும் உங்களுது. ஆனா அந்தப் பதிவ பண்ணச் சொல்லி, அதுக்கு ஆன செலவ ஏத்துக்கிட்டது யாருங்க? இந்தப் பொண்ணு. அப்ப பதிவு இவளுது. அவளுத அடுத்தவனுக்குக் குடுக்கறதுக்கு நீங்க யாருங்க?”

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நம் ஸ்டுடியோவில் பதிந்ததெல்லாம் ஏதோ ஒரு வகையில் நம்முடையது என்றுதான் இருந்தேன். சமைத்துக் கொடுத்தவன் சாப்பாடு தன்னுடையது என்று நினைத்த மாதிரி.

அன்று சாயங்காலமே நோட்டீஸ் போனது. என் வாக்குமூலம் அதில் இருந்தது. அசல் விசில் பதிவு, அது பதிவான தேதி, எல்லாம் இருந்தது. மணியண்ணனும் அது தன் குரல்தான் என்று எழுதிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் வக்கீலம்மாவிடம் தன் சந்தேகத்தையும் கேட்டார். தன் குரல் ஊரெல்லாம் போயிருக்கிறதே, தனக்கும் ஏதாவது உரிமை வருமா என்று.

“அன்னைக்கு வந்த டீயக் குடிச்சீங்களா?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“குடிச்சனுங்க.”

“அதோட உங்க கணக்கு முடிஞ்சுதுங்க.”

கம்பெனி முதலில் மசியவில்லை. உங்கள் ஆளே அனுமதி கொடுத்தார் என்று நான் அனுப்பிய செய்தியையே பதிலுக்கு அனுப்பினார்கள். அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தும் வைத்திருந்தார்கள். ‘கேட்டுப் பாருங்க’ என்பது, ‘பயன்படுத்திப் பாருங்கள்’ என்று ஆகியிருந்தது. அந்தப் ‘பாருங்க’வைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார்கள். வக்கீலம்மா பதில் எழுதினார்: எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்க என்றால் காதால் கேட்கச் சொல்வது, குடித்துப் பாருங்க என்று ஒரு வாய் காப்பி கொடுத்தால் கடையை எழுதிக் கொடுத்ததாக ஆகாது. அதற்கு அடுத்த வரியில், அப்படியே கொடுத்திருந்தாலும் கொடுத்தவர் அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்று எழுதினார். முதல் வரி எனக்காக, இரண்டாவது வரி கோர்ட்டுக்காக என்று நினைக்கிறேன்.

ஏழாம் நாள் மத்தியானம், ஜமீலா லேபில் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பாட்டு திரும்ப வந்தது. பதினொன்றும் இருந்தன. அவள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியிலிருந்து மன்னிப்பு என்று ஒன்றும் வரவில்லை. நல்லெண்ண அடிப்படையில் புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று வந்தது. விளம்பரத்தில் விசிலை மாற்றிவிட்டார்கள். புது விசில் சுத்தமாக இருந்தது, டீ இல்லை. மணியண்ணன் மட்டும் ரொம்ப வருத்தப்பட்டார். மற்றபடி அந்த விளம்பரம் அந்தக் கரகரப்போடு, அத்தனை ‘ங்க’வோடு, மழைக்காலம் முடியும்வரை ஓடியது. அதற்கு எதிராக நாங்கள் எதுவும் செய்ய முடியவில்லை. செய்யவும் முடியாது.

ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். உங்கள் பாட்டைப் போல ஒரு பெரிய கம்பெனி பாடினால், வாய் வலிக்கத் திட்டலாம். பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. நானும் முப்பது வருஷம் அதைத்தான் சின்ன அளவில் செய்தேன், அதனால் திட்டும்போது கொஞ்சம் பார்த்துத் திட்டுங்கள். ஆனால் பதிந்த சத்தம் வேறு. அது யாருடையது என்பதை மைக்கை ஆன் செய்வதற்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். யாராவது போனில் உங்களைச் சார் என்றோ மேடம் என்றோ கூப்பிட்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், சந்தோஷப்படுங்கள். சந்தோஷப்பட்டுக்கொண்டே போனை வையுங்கள். அப்புறம், வக்கீல் கேட்டால் முதல் தடவையே உண்மையைச் சொல்லுங்கள். நாம் முட்டாள் என்பது அவருக்கு எப்படியும் தெரிந்துதான் இருக்கும்.

இரண்டு மாதம் ஜமீலா ஸ்டுடியோ பக்கம் வரவில்லை. வேறு எங்கேயோ பதிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்; அது அவளுக்கு நல்லதுதான் என்றும் நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை வந்தாள். பன்னிரண்டாவது பாட்டு. வணக்கம்கூடச் சொல்லாமல் இரண்டு பக்கத் தாளை என் முன்னால் வைத்தாள். வக்கீலம்மா எழுதியது.

எங்கே கையெழுத்து என்று கேட்டுப் பேனாவை எடுத்தேன். “படிச்சுப்போட்டுப் போடுங்ணா” என்றாள். பரவாயில்லை, நம்பிக்கைதானே என்றேன். நம்பித்தான் போன தடவை ஏழு நாள் அலைந்தேன், படியுங்கள் என்றாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவன், அவள் காத்திருந்தாள். பதிவின் எந்தப் பகுதியையும், தனியாகவோ சேர்த்தோ, எவருக்கும் கொடுக்கக் கூடாது. கேட்கவும் கொடுக்கக் கூடாது. அதெல்லாம் நியாயம். கடைசிப் பாராவில் வேறு ஒன்று இருந்தது. இனி அந்த பஸ் பாட்டு எங்கே வெளியானாலும், ஒலிப்பதிவு என்றும் விசில் என்றும் என் பெயரைப் போட வேண்டும்.

இவ்வளவு வருஷத்தில் எந்த கிரைண்டரும் எந்த வேட்டியும் என் பெயரைச் சொன்னதில்லை. இது எதற்கு அம்மணி என்று கேட்டேன்.

“உங்களுது எதுன்னு உங்களுக்கே எழுதிக் காட்டுனாத்தானுங்ணா, அடுத்தவங்களுத எடுத்துக் குடுக்க மாட்டீங்க.”

இரண்டு பக்கத்திலும் போடச் சொன்னாள். போட்டேன்.